கூட்டுறவு ராம்ப், ஊத்தான் மெலிந்தாங்: சிறுதோட்டக்காரர்களுக்காக ஒரு விமர்சனம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் மூன்று ஏக்கரோ ஐந்து ஏக்கரோ செம்பனை வைத்திருக்கிறவர்கள் குலையை எங்கே போடலாம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் பதில், ஊருக்கு வெளியே பாரிட் (வடிகால் வாய்க்கால்) ஓரமாக இருக்கிற கூட்டுறவு ராம்ப், அதாவது நம் குலையை எடை போட்டு வாங்கி மில்லுக்கு அனுப்புகிற இடம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த அந்த ஒன்றுக்கு வலுவான காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் எடை. லோரி உள்ளே நுழைந்ததும் எடை மேடை. எண் காட்டுகிற பெட்டியை ஆபீசுக்குள் மூடி வைக்காமல் ஓட்டுநர் கண்ணுக்கு நேராக வெளியே மாட்டியிருக்கிறார்கள், இது ஒன்றுக்காகவே பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். கொட்டின பிறகு தரம் பார்க்கிற பெண் கையில் கொக்கியோடு வந்து குலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பழம், அரைப்பழம், காய், நீட்டுக் காம்பு என்று அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல பக்கத்தில் நிற்கிற பையன் எழுதிக்கொள்வான். நாமும் கூடவே நிற்கலாம், யாரும் விரட்டுவதில்லை. எம்பிஓபி என்கிற மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரக் கையேட்டின்படி பழுத்த குலை என்றால் குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்த குழி தெரிய வேண்டும், காம்பு 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. போன வெட்டில் என் குலை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, ஒரு பழம்கூட உதிரல, இத ஏன் வெட்டச் சொன்னீங்க, அடுத்த சுத்துக்கு விட்டிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது நியாயம், வெட்டுகிற தம்பியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அப்புறம் ரசீது. முன்பு நான் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எடையும் தொகையும் மட்டும் இருக்கும், "கழிவு" என்று பிடித்தம் காட்டுகிற ஒரு எண் இருக்கும், அது எதற்கு என்று கேட்டால் தண்ணி, காம்பு, மில்லில் பிடிக்கிறார்கள் என்று பொதுவாக ஒரு பதில் வரும். கூட்டுறவு ராம்ப் ரசீதில் மொத்த எடை, வெறும் லோரி எடை, எத்தனை காய், எத்தனை நீட்டுக் காம்பு, எதற்கு எவ்வளவு கழிவு, எண்ணெய் எடுப்பு விகிதம் எவ்வளவு என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள், லோரிக் கூலி எவ்வளவு, எல்லாம் வரிசையாக இருக்கும்.

எண்ணெய் எடுப்பு விகிதம், அதாவது நூறு கிலோ குலையில் எத்தனை கிலோ எண்ணெய் கிடைக்கும் என்ற அந்த ஒரு வரியைத்தான் நம் ஆட்கள் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். குலை விலையே அதை வைத்துத்தான் கணக்காகிறது, எம்பிஓபி வெளியிடுகிற விலையும் ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்றுதான் வரும். ஒரு விழுக்காட்டுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 போட்டால் டன்னுக்கு 720, 20 போட்டால் 800. அதே மரம், அதே குலை, அதே நாள், டன்னுக்கு 80 வெள்ளி வித்தியாசம். ஆண்டுக்கு 25 டன் போடுகிறவருக்கு 2,000 வெள்ளி. பிள்ளைக்கு ஒரு தவணைக் கட்டணம்!

சரி, இவர்களால் மட்டும் எப்படி இந்த விகிதத்தை ஏற்றிக் கொடுக்க முடிகிறது? மில்லோடு வைத்திருக்கிற ஏற்பாடுதான் காரணம். ஐம்பது அறுபது பேர் குலை ஒரே கையால் மில்லுக்குப் போகிறது, வெட்டின மறுநாளுக்குள் போய்ச் சேர்கிறது, காய் குறைவு. குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் கச்சா எண்ணெய் தரத்தில் நிற்காது, அதனால் சீக்கிரம் வருகிற பழத்தை மில் கொண்டாடுகிறது. மில் தன் தரக் கணக்கைத் திரும்ப ராம்புக்கு அனுப்புகிறது, ராம்ப் அதைப் பலகையில் ஒட்டுகிறது. நடுவில் இருக்கிற ஆள் விவரத்தை மறைத்துச் சம்பாதிக்கிற இடத்தில், இவர்கள் விவரத்தைக் கீழே வரைக்கும் கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். வியாபாரத்தில் கூட்டு என்று நான் மதிப்பது இதைத்தான்.

நமக்கு இது புதிதும் இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று நம் மக்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டத்தையே வாங்க வைத்தார். தனியாளாக ஒன்றும் ஆகாது என்பது நம் தாத்தா பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது சான்றிதழ் விஷயம். இதில்தான் வெளிநாடு வருகிறது, நிறைய பேர் குழம்புவதும் இதில்தான்.

எம்எஸ்பிஓ என்பது காட்டையும் ஆட்களையும் கெடுக்காமல் எண்ணெய் எடுக்கிறோம் என்பதற்கான நம் நாட்டுச் சான்றிதழ், 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம். சிறுதோட்டக்காரர்களை எம்பிஓபி எஸ்பிஓசி என்ற குழுக்களாகச் சேர்த்து, துனாஸ் என்கிற தன் ஆலோசனை அதிகாரிகள் மூலமாக வழிநடத்துகிறது. ஆர்எஸ்பிஓ வேறு, அதே நோக்கத்துக்கான பன்னாட்டு வட்டமேசை அமைப்பு. அது 2004இல் தொடங்கியது, சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பதிவு, செயலகம் கோலாலம்பூரில். அதில் தோட்டக்காரர்கள், எண்ணெய் சுத்திகரிப்பவர்கள் மற்றும் வியாபாரிகள், பொருள் தயாரிப்பவர்கள், சில்லறைக் கடைக்காரர்கள், வங்கிகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள் என்று ஏழு தரப்பு. காட்டை அழிக்காதே என்று சொல்கிறவரும், எண்ணெயை விற்று வாழ்கிறவரும், அதற்குக் கடன் கொடுக்கிற வங்கியும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் விதி எழுதுகிறார்கள். அதனால் எல்லாம் மெதுவாகத்தான் நகரும், ஆனால் ஒரு விதி வந்துவிட்டால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உலகத்திலேயே முதலில் இந்தச் சான்றிதழ் வாங்கிய நிறுவனம் நம் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தின் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ், 2008இல். 1906இல் டென்மார்க்காரர் ஒருவர் இங்கே வந்து தொடங்கியது அது. அதே 2008 நவம்பரில் சான்றிதழ் பெற்ற முதல் எண்ணெய்க் கப்பல் ரோட்டர்டாம் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நம் ஊர் வாய்க்காலுக்கும் ஐரோப்பாவுக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பு உண்டு.

பெரிய தோட்டத்துக்கு இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். மூன்று ஏக்கர்காரர் என்ன செய்வார்? அவர் தனியாக ஒரு தணிக்கையாளரை அழைத்தால் அந்த ஆண்டு வருமானம் அதிலேயே போய்விடும். அதனால்தான் குழு. 2019இல் ஆர்எஸ்பிஓ கொண்டுவந்த சிறுதோட்டக்காரர் தரநிலை மூன்று படியாக ஏறுகிறது. முதல் படியிலேயே உங்கள் விளைச்சலில் 40 விழுக்காட்டுக்குக் கிரெடிட் விற்கலாம், அடுத்த படியில் 70, முழுதாகத் தேறினால் 100. எல்லாவற்றையும் முடித்துவிட்டு வா, அப்புறம் காசு என்று சொல்லாமல் ஏறுகிறபோதே கொஞ்சம் கையில் வருகிற மாதிரி வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு டன் எண்ணெய்க்கு ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 25 டன் குலை என்றால் எண்ணெய்க் கணக்கில் சுமார் 5 டன், அதாவது ஐந்து கிரெடிட். உங்கள் எண்ணெய் மற்ற எண்ணெயோடு கலந்துதான் போகும், வெளிநாட்டில் சோப்போ பிஸ்கட்டோ செய்கிற ஒரு நிறுவனம் அந்தக் கிரெடிட்டுக்குத் தனியாகப் பணம் கட்டும். குலை விலைக்கு மேல் வருகிற காசு அது.

ராம்ப் ஆட்கள் இந்தக் குழுவை நடத்துகிற விதத்துக்குத் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம். மருந்து அடிக்கும்போது கையுறை, முகமூடி போடுகிறோமா, விஷ டப்பாவை எங்கே வைக்கிறோம், வெட்டுகிற ஆளுக்குச் சம்பளம் எப்படிக் கொடுக்கிறோம், அவருடைய பாஸ்போர்ட்டை நாம் பிடித்து வைத்திருக்கிறோமா என்று நேரில் வந்து பார்க்கிறார்கள். கடைசிக் கேள்வி சிலருக்குக் கோபம் வரவைத்தது. எனக்கு வரவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்த நாம், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நமக்கு வெட்டிக் கொடுக்கிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று இன்னொருவர் வந்து சொல்லித்தரும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

காகிதத்தை விடுங்கள், எனக்கு மரத்தில் தெரிந்த மாற்றம்தான் முக்கியம். எலியை எடுத்துக்கொள்ளுங்கள். எலி தின்ற குலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பழத்தின் சதை சுரண்டப்பட்டுக் கொட்டை மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். விஷக் கட்டி வைப்போம், கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் பக்கத்துக் காட்டிலிருந்து புது எலி வரும். பெரிய தோட்டங்களில் ஆந்தைக் கூடு வைப்பார்கள், சுமார் 10 ஹெக்டருக்கு ஒரு கூடு என்பது கணக்கு. 10 ஹெக்டர் என்றால் ஏறக்குறைய 25 ஏக்கர்! மூன்று ஏக்கர்காரர் வைக்கிற கூட்டில் வந்து தங்குகிற ஆந்தை அவர் எல்லைக்குள் மட்டுமா வேட்டையாடும்? அதைவிடக் கஷ்டம், நான் விஷத்தை நிறுத்தி பக்கத்துக்காரர் நிறுத்தாவிட்டால், விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் செத்துப்போகும். ராம்ப் ஆட்கள் ஒரு வாய்க்கால் ஓரத்து நிலக்காரர்கள் அத்தனை பேரையும், சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பார்க்காமல், காப்பிக் கடையில் உட்காரவைத்துப் பேசி, எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த விஷத்தைக் கைவிடுவது என்று முடிவு செய்யவைத்தார்கள். கூட்டைச் சேர்ந்து வாங்கினோம். இன்றைக்கு அந்தக் கூட்டுக்குக் கீழே எலி முடியும் எலும்பும் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது, நான் கட்டி வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

தண்ணீரும் அப்படியே. நம் பக்கம் பல இடங்களில் கரி மண், பீட். நிலத்தடி நீரை இறக்கினால் மண் காய்ந்து ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று தாழ்ந்துகொண்டே போகும், வேர் வெளியே வந்து மரம் சாயும், வறட்சியில் தீப்பிடித்தால் மண்ணே எரியும். நீர்மட்டத்தை 40லிருந்து 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே பாரிட்டில் பத்துப் பேர் நிலம் இருக்கும்போது ஒருவர் வடிகிறது போதவில்லை என்று தண்ணீரைத் தடுக்கிற பலகையை எடுத்தால் மற்ற ஒன்பது பேருக்கும் தண்ணீர் போய்விடும். இப்போது பலகை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் சண்டையும் வரும், ஆனால் பலகையை யாரும் இரவில் வந்து எடுப்பதில்லை.

எல்லை தாண்டின கூட்டு என்றால் ஏதோ ஹோட்டல் மாநாட்டுப் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1981க்கு முன் தோட்டத்தில் வேலை செய்த அம்மா, அத்தை யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்கள், செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவுகிற வேலை என்று ஒன்று இருந்தது. முள்ளுக்குள் கையை விட்டு ஒவ்வொரு பூவாகப் பார்த்துத் தூவ வேண்டும். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, ஆனால் அதற்கு மகரந்தம் சேர்க்கிற வண்டு கூட வரவில்லை. யூனிலிவர் நிறுவனத்துக்காக ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் அந்தச் சின்ன வண்டைக் கண்டுபிடித்து, மற்ற செடிகளுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்த பிறகு, 1981இல் ஜோகூர் குளுவாங் பக்கம் முதலில் விட்டார்கள். இன்றைக்கு உங்கள் தோட்டத்தில் ஆண் பூவைத் தட்டினால் கொத்தாகப் பறக்கிறதே, அந்த வண்டுதான். ஒரு நிறுவனம், ஒரு விஞ்ஞானி, இரண்டு நாட்டு அனுமதி, நம் மரத்தில் காய்ப்பு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பாதகமும் எல்லை தாண்டித்தான் வரும். 2022இல் உக்ரேன் போர் தொடங்கினதும் பொட்டாஷ் உர விலை எங்கேயோ போனது நினைவிருக்கும். ரஷ்யா, பெலாரஸ், கனடா என்று தூர தேசத்திலிருந்து வருகிற சரக்கு அது, கரி மண்ணுக்கோ பொட்டாஷ் இல்லாமல் கதையே இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதம் மறுபடி திறந்தது, நம் குலை விலையும் கூடவே ஆடியது. அப்போது ராம்ப் எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாக உரம் எடுத்துத் தவணையில் கொடுத்தது. வெளிக் கடையைவிட மூட்டைக்கு விலை குறைவு, ஆனால் வந்து சேர்ந்தது தாமதம், மழை பிடித்த பிறகு வந்த உரத்தை என்ன செய்வது? இது முதல் குறை.

அடுத்தது ஐரோப்பியச் சட்டம். 2023இல் வந்தது, இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள், ஆனால் போய்விடவில்லை. அந்தச் சட்டப்படி 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து நட்ட நிலத்து எண்ணெய் ஐரோப்பாவுக்குள் போக முடியாது, எந்த நிலத்திலிருந்து வந்தது என்று இடக்குறிப்போடு காட்ட வேண்டும். 4 ஹெக்டருக்குக் கீழே உள்ள நிலத்துக்கு ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் என்றால் எல்லை முழுதும் வரைந்து கொடுக்க வேண்டும். யாருடைய குலை என்று தெரியாமல் கலந்து கொட்டுகிற டீலரிடம் போடுகிறவர்களுக்கு நாளைக்கு இது பெரிய தலைவலி. ராம்பில் பையன் ஒருவன் கைப்பேசியோடு வந்து நிலத்தைச் சுற்றி நடந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனான், காசு வாங்கவில்லை.

நல்லதுதான். ஆனால் அந்த இடக்குறிப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? ராம்பிடமா, மில்லிடமா, வெளிநாட்டு வாங்குநரிடமா? என் நிலத்தின் விவரம் எனக்கே ஒரு நகல் கொடுக்கவில்லை. நாளைக்கு நான் வேறு ராம்புக்குப் போனால் அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா? கேட்டதற்கு "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. இதற்கு நான் அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

மிச்ச அரை நட்சத்திரம் கிரெடிட் காசுக்கு. வருகிறது, ஏமாற்றவில்லை, ஆனால் எப்போது விற்றார்கள், என்ன விலைக்கு, குழுச் செலவு போக எவ்வளவு என்ற கணக்கு ஆங்கிலத்தில் ஒரே பக்கமாக, அதுவும் மொத்தத் தொகையாக வருகிறது. குலை ரசீதில் காட்டுகிற நேர்மையை இதில் ஏன் காட்டவில்லை? கணவர் போன பிறகு நாலு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற ஓர் அக்கா எங்கள் குழுவில் இருக்கிறார், வெட்டுக்கு ஒருநாள்கூடத் தவறாதவர், பழத் தரத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவர். அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதுல என் காசு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு" என்று என்னிடம் கேட்டார். தமிழிலும் மலாயிலும் அரைப் பக்கம், ஒவ்வொருவர் பெயருக்கு நேரே எத்தனை கிரெடிட், எவ்வளவு வெள்ளி என்று போட்டுக் கொடுத்தால் இந்தக் கேள்வியே வராது. குலைக்குக் கொடுக்க முடிகிறவர்களால் இதற்கும் கொடுக்க முடியும்.

சேர விரும்புகிறவர்கள் அடையாள அட்டை, நிலக் கிராண்ட் (பட்டா) நகல், எம்பிஓபி லைசென்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் லோரி வரிசை நிற்கும், ஆபீசில் பேச ஆள் கிடைக்காது. கிராண்ட் இன்னும் அப்பா, தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் நில அலுவலகத்தில் மாற்றுகிற வேலையைத் தொடங்குங்கள், இங்கே நிறைய பேர் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எடை மேடை கிடையாது, அதனால் சனிக்கிழமை மாலை வெட்ட வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்திருக்கிறவர்களுக்கு, ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. கிரெடிட் கணக்கு, இடக்குறிப்பு நகல், உரம் வருகிற தேதி, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ரசீது வாங்குகிற இடத்தில் என்னைப் பாருங்கள், அந்த அக்கா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.